விமானம் தரையிறங்கும்போது விபத்தா? காதில் விழுந்த 'காரணங்களை' இங்கே கொட்டுங்கள்

சுபாங்வாசி
2024 டிசம்பர்ல தென்கொரியாவோட முவான் விமான நிலையத்துல ஜேஜு ஏர் விமானம் சக்கரம் இல்லாம வயித்தால சறுக்கி மோதுச்சே, அந்த விபத்தைப் பத்தித்தான். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில ஒரு அங்கள் காணொளியை நிறுத்தி, விமானத்தோட வயித்துமேல கட்டைவிரலை வச்சு, "சக்கரமே இல்ல பாரு, பைலட் மறந்துட்டான்"னு தீர்ப்பு எழுதிட்டார். அந்தக் கட்டைவிரல் இன்னும் உறுத்துது.

அது போயிங் 737-800. அதுல சக்கரத்தை இறக்குறது 'ஏ' ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்பு, ஃபிளாப்பை, அதாவது மெதுவா இறங்க உதவுற இறக்கைப் பின்மடிப்பை, இறக்குறது 'பி'. காணொளியில ரெண்டுமே இறங்கின மாதிரி தெரியல. ரெண்டு எஞ்சின்லயும் பறவை இறகு கிடைச்சிருக்கு. கருப்புப் பெட்டிகள் மோதலுக்குச் சுமார் 4 நிமிஷம் முன்னாடியே பதிவை நிறுத்திடுச்சு, அதாவது மின்சாரத்துலயும் கோளாறு. இந்த ரகத்துல காத்துல சுத்தி அவசர மின்சாரம் தர்ற குட்டி டர்பைனும் கிடையாது.

"கையாலயே இறக்கலாமே"ன்னு பக்கத்து மேசை. இறக்கலாம். துணை விமானி இருக்கைக்குப் பின்னால தரையில ஒரு மூடி, அதுக்குள்ள மூணு கைப்பிடி. ஒவ்வொண்ணையும் சுமார் 60 சென்டிமீட்டர் இழுக்கணும், கடைசியை இழுத்துட்டு 15 வினாடி காத்திருக்கணும். இழுத்தாங்களா, இழுக்க நேரம் இருந்துச்சாங்கிறது வயித்தைப் பார்த்துச் சொல்ற சங்கதி இல்ல.

பாயான் லெப்பாஸ் பையன்
அண்ணே, மறதியை அவ்வளவு சுலபமா ஒதுக்காதீங்க. 2020 மே 22, கராச்சி. பாகிஸ்தான் ஏர்லைன்ஸோட பிகே 8303, ஏர்பஸ் ஏ320. சக்கரம் இல்லாமலே இறங்கி, ரெண்டு எஞ்சினும் ஓடுபாதையில உரசி, மறுபடி மேலே ஏறி, ஊருக்குள்ள விழுந்துச்சு. விமானத்துல இருந்த 99 பேர்ல 2 பேர்தான் பிழைச்சாங்க. எச்சரிக்கை ஒலி காக்பிட்ல அடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சு. காட்சி ஒண்ணாத்தான் தெரியும், கதை வேற.

எனக்கு எரிச்சல் புலனத்துல வந்த ஒரு கிராஃப். விமானத் தடம் காட்டுற செயலியோட படம், சிவப்பு வட்டம் போட்டு, "150 அடி உயரத்துலயே ஓடுபாதைக்கு மேல பறந்துட்டான்"னு. கேட்காமலே சொல்றேன், அந்தப் படத்தை இப்படிப் படிங்க. அதுல வர்ற உயரம் 1013 ஹெக்டோபாஸ்கல்ங்கிற நிலையான காத்தழுத்தத்தை அடிப்படையா வச்சது. அன்னிக்கு இருக்கிற காத்தழுத்தத்துக்குத் திருத்தினது இல்ல. 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி. பினாங்குல அழுத்தம் 1009ன்னா, தரையில நிக்கிற விமானமே 100 அடிக்கு மேல காட்டும்! தரைக்குப் பக்கத்துல சிக்னல் விட்டுப்போனா, நடுவுல இருக்கிற கோடு கணினி போட்ட உத்தேசம்.

வேகமும் அப்படித்தான். செயலி காட்டுறது தரைவேகம், இறக்கைக்குத் தெரியறது காத்துவேகம். கோழிக்கோட்டுல ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓடுபாதையைத் தாண்டி விழுந்துச்சே, 2020 ஆகஸ்ட் 7: தரைவேகம் 165 நாட் (1 நாட்னா மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), அதுல பின்காத்து மட்டுமே 14. "ஓடுபாதை குட்டை"ன்னுதான் எல்லாரும் கத்தினாங்க. 8,858 அடி இருந்துச்சு. சக்கரம் தொட்டது 4,438 அடி தாண்டி. ஈரம் வேற. பாதிப் பாதையை வானத்துலயே செலவழிச்சிட்டா எந்த ஓடுபாதையும் குட்டைதான்.

இறங்கற வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: தரைவேகத்தை 5ஆல பெருக்குங்க. 140 நாட்னா நிமிஷத்துக்கு 700 அடி, அது சாதாரணம். 1,000 அடிக்கு மேல தொடர்ந்து போனா மட்டும் புருவத்தை உயர்த்துங்க.

பழைய எல்மினா
நீங்கள் இருவரும் வெளிநாட்டிலேயே சுற்றுகிறீர்கள். 2023 ஆகஸ்ட் 17 அன்று நம் சிலாங்கூர் எல்மினாவில் பீச்கிராஃப்ட் என்ற சிறு ஜெட் விமானம் விழுந்து, விமானத்தில் இருந்த 8 பேரும் சாலையில் போன 2 பேரும் இறந்தார்கள். காரின் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைக் காட்டி ஒரு பெரியவர், "அந்த இடமே கெராஸ் (பேய் நடமாட்டம் உள்ளது). 1977இல் ஜப்பான் விமானமும் அங்கேதானே விழுந்தது?" என்றார். சுற்றி இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இடத்தில் பேயும் இல்லை, சாபமும் இல்லை. சுபாங் விமான நிலைய ஓடுபாதைக்கு அந்தப் பக்கமிருந்து இறங்கும் எந்த விமானமும் அந்த வட்டாரத்தின் மேல்தான் தாழ்ந்து வந்தாக வேண்டும். 1977இல் மோசமான வானிலையில், ஓடுபாதை கண்ணில் படும் முன்பே, அனுமதித்த குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே அந்த ஜப்பான் விமானம் (டிசி-8) இறங்கிவிட்டது. 34 பேர் போனார்கள். 2023இல் நடந்தது வேறு. தரையிறங்கும் முன் செய்யும் சோதனையின்போது 'லிஃப்ட் டம்ப்' தவறுதலாக விரிந்துவிட்டது. இறக்கைமேல் உள்ள ஸ்பாய்லர் பலகைகள் எழும்பி, தூக்குவிசையைக் கொன்றுவிடும் ஏற்பாடு அது. தரையைத் தொட்ட பிறகு பிரேக் நன்றாகப் பிடிக்க அது வேண்டும். பறக்கும்போது தொடவே கூடாது. காணொளியில் அந்தப் பலகை யார் கண்ணுக்காவது பட்டதா?

செந்தூல் ஸ்பேனர்
பலகையாச்சும் பெருசு. 2008 ஜனவரி 17, லண்டன் ஹீத்ரோ, பிரிட்டிஷ் ஏர்வேஸோட போயிங் 777. கடைசி 720 அடியில ரெண்டு எஞ்சினும் விசை கேட்டும் கொடுக்கல, ஓடுபாதைக்கு முன்னாடி புல்தரையில விழுந்துச்சு. 152 பேரும் தப்பிச்சாங்க. பிரிட்டிஷ் பிரதமர் கார் வரிசையில இருந்த அலைவரிசைத் தடுப்பான்தான் காரணம்னு அப்ப ஒரு கதை ஓடுச்சு. செந்தூல்ல ஒருத்தர் அதை இன்னமும் சத்தியம் பண்ணிச் சொல்றார்.

பெட்ரோல் உறைஞ்சதுன்னும் சொல்வாங்க. அதுவும் இல்ல. எரிபொருள் மைனஸ் 34 டிகிரி செல்சியஸ் வரைதான் குளிர்ந்துச்சு, அது உறைய மைனஸ் 57 வேணும். அதுல கலந்திருந்த கொஞ்ச நீர்தான் பனியாச்சு. எண்ணெய்ச் சூட்டுல எரிபொருளைச் சூடாக்குற பெட்டிக்குள்ள ஆயிரத்துக்கும் மேல மெல்லிய குழாய் இருக்கும். அந்த ட்ரெண்ட் 800 எஞ்சின்ல குழாய் முனைகள் முகத்தட்டுக்கு வெளியே 4 மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பனி அங்க சிக்கி வாயை அடைச்சிடுச்சு. அப்புறம் முனைகளைத் தட்டோட சமமா மாத்தினாங்க. இறுதி அறிக்கை வர ரெண்டு வருஷம் ஆச்சு.

விபத்து நடந்து 30 நாளுக்குள்ள வர்ற முதல்நிலை அறிக்கையில தகவல்தான் இருக்கும், காரணம் இருக்காது. அதைத் தூக்கிக்கிட்டு "அரசாங்கம் மறைக்குது"ன்னு ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

சுபாங்வாசி
பையா, கராச்சியில மறக்கலப்பா. ஒருதரம் இறக்கின சக்கரத்தைத் திரும்ப ஏத்தினாங்க. ரொம்ப உயரத்துல, ரொம்ப வேகமா வந்துட்டு, அப்படியே விடாம இறங்கப் பார்த்தாங்க. முதல்நிலை அறிக்கையிலேயே இருக்கு, போய்ப் படி.