மஞ்சள் மாத்திரையும் அம்மாவின் ஈரலும்: தப்பு யார் மேல?

பிறைக்காரன் | திங்கள், இரவு 9.14

போன வாரம் இங்க ஒருத்தர் "கொழுப்பு ஈரலுக்கு மஞ்சள் மிளகு மாத்திரை, மூணு மாசம் போதும்"னு போட்டிருந்தார். கீழ நாற்பது பேர் கும்பிடு. அதைப் பார்த்துட்டுத்தான் இதை எழுதுறேன்.

அம்மாவுக்கு 58 வயசு. பத்து வருசமா இனிப்புநீர், அதான் சர்க்கரை நோய். ஜனவரியில கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க, ஈரல் கெட்டா ஏறுற ஏ.எல்.டி. எண் 61. ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்பு. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிட்டார். மருந்து ஒண்ணும் தரல, அதுதான் அம்மாவுக்குப் பொறுக்கல. "மருந்து எழுதாத டாக்டர் என்ன டாக்டர்?" பக்கத்து வீட்டு அக்கா மூலமா, வாட்ஸ்அப்ல விக்கிற ஒரு போத்தல் வீட்டுக்கு வந்துச்சு. 60 மாத்திரை, 85 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. பதினஞ்சு நாளைக்கு ஒரு போத்தல் காலி.

மே மாசம் தங்கச்சி மகன் பிறந்தநாள். கேக் வெட்டுறப்போ வெளிச்சத்துல பார்த்தா அம்மா கண்ணு மஞ்சளா இருக்கு. கேட்டா, "மஞ்சள் சாப்பிட்டா மஞ்சளாத்தான்டா இருக்கும்"னு சிரிக்கிறாங்க. ஒண்ணுக்கு தே ஓ (பால் ஊத்தாத தேத்தண்ணி) கலர்ல போகுதுன்னு அப்புறம்தான் வாயைத் திறந்தாங்க. மறுநாள் ஏ.எல்.டி. 912. ஆறு ராத்திரி வார்டுல. ஹெப்படைட்டிஸ் ஏ, பி, சி, இ எதுவும் இல்ல. டெங்கி இல்ல. மாத்திரையை நிறுத்தினாங்க, ஜூலையில 70க்கு இறங்கிடுச்சு.

இப்ப சொல்லுங்க. இதை மருந்துன்னு விக்கிறவங்களை இங்க விட்டு வைக்கலாமா?

சித்தர்வழி | திங்கள், இரவு 10.02

தம்பி, அம்மா தேறி வந்தது மகிழ்ச்சி. ஆனால் குற்றவாளிக் கூண்டில் மஞ்சளை ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வி. அந்தப் போத்தலில் மலேசிய மருந்துப் பதிவு எண்ணான எம்.ஏ.எல். எண் இருந்ததா? கடைசியில் 'T' எழுத்து, பக்கத்தில் மினுங்கும் ஒட்டி? நம் நாட்டில் பாரம்பரிய மருந்தைப் பதிவு செய்யும்போது கன உலோகம், கிருமி எல்லாம் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த போத்தலில் மஞ்சள்தான் இருந்தது என்று யார் சொன்னது?

இன்னொன்று. 2023இல் தாய்லாந்தில் 206 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வயிறு உப்புசம், செரிமானக் கோளாறு உள்ளவர்கள். ஒரு பிரிவுக்கு மஞ்சளிலிருந்து எடுத்த குர்க்குமின், ஒரு பிரிவுக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும். முடிவில் மூன்று பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். ஆங்கில மருந்துக்குச் சமமாக நின்ற மூலிகை அது. அதை விஷம் என்பது நியாயமா?

பட்டர்வொர்த்_பையன் | திங்கள், இரவு 10.09

ஐயா நீங்க மாசம் எத்தனை போத்தல் விக்கிறீங்க? 😂

சித்தர்வழி | திங்கள், இரவு 10.15

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால் கீழாநெல்லி தானாக முளைக்கிறது. அதை யாருக்கும் விற்றதில்லை. கருத்துக்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

மலர்_பாயான் | திங்கள், இரவு 11.40

நான் சொல்றேன் ஐயா. லேப்ல வேலை, இப்பதான் ஷிப்ட் முடிஞ்சது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்கணும்.

அந்த தாய்லாந்து ஆய்வை முழுசாப் படிச்சீங்களா? பெரிய பக்கவிளைவு யாருக்கும் வரல, அது உண்மை. ஆனா குர்க்குமின் எடுத்தவங்கள்ல உடம்பு எடை கூடுதலா இருந்தவங்களுக்கு ஈரல் பரிசோதனை எண்கள் கொஞ்சம் கெட்டுச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. எடை கூடுதல், கூடவே ஈரல்ல கொழுப்பு. பிறைக்காரன் அம்மா மாதிரி ஆளுங்கதானே இந்த மாத்திரையைத் தேடி வாங்குறது? வயித்துக்கு நல்லதுன்னு வந்த ஆய்வைத் தூக்கி ஈரலுக்கு மருந்துன்னு காட்டுறது சரியில்ல ஐயா.

அப்புறம் அமெரிக்காவுல மருந்தால ஈரல் கெட்டவங்களைப் பதிவு பண்ற ஒரு குழு 2022ல ஒரு கட்டுரை போட்டாங்க. மஞ்சளால கெட்டதுன்னு 10 பேர். அஞ்சு பேர் வார்டுல படுத்தாங்க, ஒருத்தர் செத்துட்டார். ஏழு பேரோட மாத்திரையை லேப்ல பிரிச்சுப் பார்த்திருக்காங்க. ஏழுலயும் மஞ்சள் இருந்துச்சு, மூணுல மிளகுச் சத்தும். உள்ள மஞ்சள்தானான்னு கேட்டீங்களே, அங்க அதைப் பார்த்துட்டாங்க.

மிளகு ஏன் முக்கியம்னா, குர்க்குமின் சும்மா சாப்பிட்டா உடம்புல ஒட்டாது, அப்படியே வெளிய போயிடும். 1998ல பெங்களூர்ல பார்த்தாங்க: 2 கிராம் குர்க்குமினோட 20 மில்லிகிராம் மிளகுச் சத்து சேர்த்தா ரத்தத்துல போய்ச் சேர்றது 20 மடங்கு கூடுது. விளம்பரத்துல பெருமையா போடுறது இதைத்தான். ஈரலுக்குப் போற சுமையும் அதே கணக்குதானேன்னு ஒருத்தரும் கேக்கல.

பிறைக்காரன், போத்தல்ல என்ன எழுதியிருந்துச்சு?

பிறைக்காரன் | செவ்வாய், காலை 6.50

ஒரு மாத்திரை 500 மில்லிகிராம், 95 விழுக்காடு குர்க்குமின், மிளகுச் சத்துன்னு இருந்த ஞாபகம். எம்.ஏ.எல். எண்ணைத் தேடல. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, எனக்கும் நேத்து ராத்திரி வரைக்கும் தெரியாது.

மலர்_பாயான் | செவ்வாய், காலை 7.20

அப்போ நாளைக்கு நாலு மாத்திரைன்னா 1900 மில்லிகிராம். மஞ்சள்தூள்ல குர்க்குமின் நூத்துக்கு மூணு பங்குதான் இருக்கும். உங்க அம்மா தினம் 60 கிராமுக்கு மேல மஞ்சள்தூள் சாப்பிட்டதுக்குச் சமம். மீன்குழம்புல எவ்வளவு போடுவாங்க? அரைக்கரண்டி. அதுவும் முழுக் குடும்பத்துக்கு.

சித்தர்வழி | செவ்வாய், காலை 8.05

கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அமெரிக்க எண்ணைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. அத்தனை பெரிய நாட்டில் பல வருடம் பதிவு செய்து, பத்தே பேர். அதிலும் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணு இருந்தது என்று அதே கட்டுரை சொல்கிறது. பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களிடமும் அதே மரபணுவைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, சிலர் உடம்புவாகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாரசிட்டமாலால் ஈரல் கெட்டவர்களை எண்ணினால் எங்கே போய் நிற்கும்? அதை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

மூலிகைக்கு ஆய்வே இல்லை என்பதும் பொய். 1988இல் சென்னையில் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்பில் தங்கியிருந்த 37 பேரில் 22 பேருக்கு அந்த அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். வெளிவந்தது லான்செட்டில், நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் அல்ல.

கே.எல்_தாதி | செவ்வாய், மதியம் 1.30

வார்டு தாதி நான், சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். ஐயா, 1988ஐ மட்டும் சொல்லிட்டு 1990ஐ விட்டுட்டீங்களே. அதே லான்செட்ல தாய்லாந்துக்காரங்க அதே செடியைக் கொடுத்துப் பார்த்துட்டு, கிருமி போகலன்னு எழுதினாங்க. அதுவுமில்லாம அது கிருமிக்கான ஆய்வு. இங்க பேச்சு கொழுப்பைப் பத்தி.

ஆனா ஐயாவுக்கு நானே ஒண்ணு எடுத்துத் தரேன். நம்ம மலாயாப் பல்கலைக்கழகத்துல, கோலாலம்பூர்லயே, சிலிமரின் வச்சு ஆய்வு பண்ணி 2017ல வெளியிட்டாங்க. ஐரோப்பாவுல ஒரு முள்செடியோட விதையில இருந்து எடுக்கிறது. கொழுப்பால ஈரல் வீங்கின 99 பேர், 48 வாரம், ஊசி போட்டு ஈரல்ல சதை எடுத்தே பார்த்தாங்க. எதை நிரூபிக்கணும்னு ஆரம்பிச்சாங்களோ அதுல தோத்துப் போச்சு: அந்த இலக்கை எட்டினது மருந்து எடுத்தவங்கள்ல 32.7 விழுக்காடு, எடுக்காதவங்கள்ல 26. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஈரல் தழும்பு குறைஞ்சது மருந்து எடுத்தவங்கள்ல 22.4 விழுக்காடு, எடுக்காதவங்கள்ல 6.

சித்தர்வழி | செவ்வாய், மதியம் 1.52

நான் சொன்னது இதுதானே! தழும்புதான் ஈரலைக் கொல்கிறது. அது குறைந்திருக்கிறது. நம் ஊரிலேயே.

மலர்_பாயான் | செவ்வாய், மாலை 5.10

முதல் கேள்வியில தோத்த ஆய்வை ரெண்டாவது கேள்வியை வச்சு ஜெயிச்சதுன்னு சொல்ல முடியாது. இன்னும் பெரிசா பண்ணிப் பார்க்கணும்னுதான் எழுத முடியும், அவங்களும் அப்படித்தான் எழுதினாங்க. 99 பேரை நம்பி கோடிப் பேருக்கு மாத்திரை விக்க முடியுமா?

தண்ணீர்மலை_மணியம் | செவ்வாய், இரவு 7.45

பிள்ளைகளா, எழுபது வயசுக்காரன் குறுக்க பேசலாமா? எனக்கும் கொழுப்பு ஈரல்தான். டாக்டர் சொன்ன மருந்து ரெண்டு: நடை, கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி). காலையில பூங்கா மேட்டுல ஒரு மணி நேரம். குரங்கு துரத்துற அன்னிக்குக் கொஞ்சம் வேகமா. நாசி கண்டார் கடைச் சோத்துல கறி பஞ்சிர், அதான் குழம்பை வெள்ளமா ஊத்திக்கிறது, அதை விட்டேன், அதுதான் பெரிய துக்கம். 82 கிலோவுல இருந்து 74. மஞ்சள் ரசத்துல மட்டும்.

பட்டர்வொர்த்_பையன் | செவ்வாய், இரவு 7.58

கோப்பியா? அங்கிள் சும்மா விடுறார் லா.

கே.எல்_தாதி | செவ்வாய், இரவு 9.20

இல்ல தம்பி, அங்கிள் சொல்றது சரி. பிரிட்டன்ல 494,585 பேரோட விவரத்தை வச்சு 2021ல பார்த்தாங்க. கோப்பி குடிக்கிறவங்களுக்கு நாள்பட்ட ஈரல் நோய் 21 விழுக்காடு குறைவு. கோப்பிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, குடிக்கிறவங்க பழக்கவழக்கமே வேற மாதிரி இருக்கலாம். ஆனா கெட்டிப் பால் ரெண்டு கரண்டி ஊத்தி கலக்குற கோப்பிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதை மட்டும் அடிச்சுச் சொல்றேன்.

எடை விசயத்துல கியூபாக்காரங்க ஆய்வு ஒண்ணு இருக்கு, 2015. 293 பேர், ஒரு வருசம். உடம்பு எடையில பத்து விழுக்காடு குறைச்சவங்கள்ல 90 விழுக்காடு பேருக்கு ஈரல் வீக்கமே போயிடுச்சு, 45 விழுக்காடு பேருக்கு தழும்பும் குறைஞ்சது. எந்த மாத்திரையும் இன்னிக்கு வரைக்கும் அந்த எண்ணைத் தொடல.

சித்தர்வழி | செவ்வாய், இரவு 9.41

அந்தப் பத்து விழுக்காட்டை எத்தனை பேர் குறைத்தார்கள்? அதையும் சொல்லுங்கள்.

கே.எல்_தாதி | செவ்வாய், இரவு 9.50

பத்துல ஒருத்தர்.

சித்தர்வழி | செவ்வாய், இரவு 10.20

அதுதான் என் வழக்கு. பத்தில் ஒன்பது பேரால் முடியாததை ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். எப்படிக் குறைப்பது, என்ன சமைப்பது, இரவு ஷிப்ட் வேலை செய்பவன் எப்போது நடப்பது, யாரும் சொல்வதில்லை. வெறுங்கையோடு வெளியே வருகிறவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் போகாமல் எங்கே போவார்? இப்போது புதிய மருந்து வந்துவிட்டதாமே, அதையாவது தருகிறார்களா?

கே.எல்_தாதி | புதன், காலை 6.35

இதுல ஐயாவோட சண்டை போட எனக்கு மனசு வரல. வார்டுல தினம் பார்க்கிறேன்.

புது மருந்து இருக்கு. ரெஸ்மெடிரோம், 2024 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி. 966 பேர் ஆய்வுல வீக்கம் போனது மருந்து எடுத்தவங்களுக்கு 26லிருந்து 30 விழுக்காடு, சும்மா மாத்திரைக்கு 10. அப்புறம் வாரம் ஒரு ஊசி, செமாகுளூட்டைடு. 72 வாரத்துல வீக்கம் போனது ஊசி போட்டவங்களுக்கு 62.9 விழுக்காடு, சும்மா ஊசிக்கு 34.3. அதுக்கும் 2025 ஆகஸ்ட்ல அங்க அனுமதி கிடைச்சது. ரெண்டுமே தழும்பு நடுத்தரமாவோ அதுக்கு மேலயோ ஆகி, ஈரல் முழுசா சுருங்கிப் போகாதவங்களுக்குத்தான், கொழுப்பு இருக்கிற எல்லாருக்கும் இல்ல. அதனால முதல்ல தழும்பு இருக்கான்னு பார்க்கணும். பிறைக்காரன், ஜனவரி ரிப்போர்ட் கையில இருக்கா? அதுல ஏ.எஸ்.டி.யும் (இதுவும் ஈரல் எண்தான்) பிளேட்லெட்டும் (ரத்தத்தட்டு எண்ணிக்கை) சொல்லுங்க.

பிறைக்காரன் | புதன், காலை 7.02

ஏ.எஸ்.டி. 52, பிளேட்லெட் 210.

கே.எல்_தாதி | புதன், காலை 7.25

வயசை ஏ.எஸ்.டி.யால பெருக்கணும். 58 பெருக்கல் 52, 3016. அதை பிளேட்லெட்டும் ஏ.எல்.டி.யோட வர்க்கமூலமும் பெருக்கின எண்ணால வகுக்கணும். 61க்கு வர்க்கமூலம் 7.8. வர்றது 1.84. ஃபிப் நாலுன்னு சொல்வாங்க, 1.3க்கு மேல போனா ஃபைப்ரோஸ்கேன் எடுத்து ஈரல் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பார்க்கிறது வழக்கம். எடுத்தாங்களா?

பிறைக்காரன் | புதன், காலை 7.31

இல்ல. யாரும் சொல்லல.

சித்தர்வழி | புதன், காலை 7.40

நான் எதுவும் சொல்லவில்லை.

மலர்_பாயான் | புதன், காலை 8.15

சொல்லாமலே சொல்லிட்டீங்க ஐயா 😅 கிளினிக் கோட்டை விட்டதுங்கிறதால மாத்திரை நல்லதாயிடாது. ரெண்டு பக்கமும் தப்பு நடந்திருக்கு. 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புல நாட்டுக்கே இனிப்புநீர் 18.3 விழுக்காடு, நம்ம இந்தியர்களுக்கு 31.4. இனிப்புநீர்காரங்களுக்கு ஈரல் தழும்பு சீக்கிரம் வரும். நம்ம வீட்டு ஆளுங்களுக்குத்தான் இந்தக் கணக்கை முதல்ல போட்டிருக்கணும்.

பிறைக்காரன், இப்ப எண்கள் இறங்கிடுச்சு. அடுத்த தடவை போறப்போ ஃபைப்ரோஸ்கேன் வேணும்னு வாய் விட்டுக் கேளுங்க. அந்தப் போத்தலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. டாக்டர்கிட்டயோ ஃபார்மசியிலயோ கொடுத்து பக்கவிளைவுன்னு புகார் எழுதச் சொல்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு அப்பத்தான் தெரியும். ஐயாவும் நானும் மூணு நாளா அடிச்சுக்கிறதுக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

சித்தர்வழி | புதன், காலை 8.22

இதை நானும் வழிமொழிகிறேன். பிரித்துப் பார்க்கட்டும். வெறும் மஞ்சளும் மிளகும்தான் என்று வந்தால் இந்த இடத்திலேயே வந்து எழுதுகிறேன், நான் சொன்னது தவறு என்று.

பிறைக்காரன் | புதன், இரவு 8.48

வேலை முடிஞ்சு நேரா அம்மா வீட்டுக்குப் போனேன். மாத்திரையை மே மாசமே குப்பையில கொட்டிட்டாங்களாம். போத்தல் நல்ல போத்தலா இருக்குன்னு கழுவி, ஸ்டிக்கரை சுடுதண்ணியில ஊற வச்சு உரிச்சு, வெந்தயம் போட்டு வச்சிருக்காங்க.

தங்கச்சிக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்தாங்களாம், உடைக்காம இருக்காம். சனிக்கிழமை சுங்கை பட்டாணி போய் எடுத்துட்டு வரேன். அவகிட்ட இப்பவே போன் பண்ணி, திறக்காதேன்னு சொல்லிட்டேன்.