கிளாரினெட், சாக்ஸபோன்: ஓசையை மாற்றுவது மரமா, உள்துளையா?

மரக்குழல்: இரண்டிலும் ஊதும்போது அதிர்வது ஒற்றை ரீட்தான், அதாவது மெல்லிய நாணல் தகடு. ஆனால் கிளாரினெட் போர்வைக்குள் பேசுவதுபோல் அடங்கி ஒலிக்கிறது, சாக்ஸபோன் தெருமுனைவரை கேட்கிறது. ஒன்று மரம், மற்றது பித்தளை, அதனால்தானே? ‘உள்துளை வடிவம்தான் காரணம்’ என்று போன வாரம் இங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு ஏறவில்லை.

கூம்பன்: சொன்னது நான்தான். உலோகக் கிளாரினெட்டும் உண்டு, அதுவும் கிளாரினெட்டாகத்தான் கேட்கும். ஹங்கேரியின் தாரொகாதோ என்ற ஊதுகுழல் முழுக்க மரம், உள்ளே சாக்ஸைப்போல் கூம்பு. ஊதினால் சோப்ரானோ சாக்ஸின் தம்பி! 1953 டொராண்டோ கச்சேரியில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸ்.

மரக்குழல்: பார்க்கர் கையில் எதைக் கொடுத்தாலும் பார்க்கர்தான் கேட்பார் அண்ணே. அது சான்றில்லை. கூம்பு உள்ளே என்ன செய்கிறது, அதைச் சொல்லுங்கள்.

கூம்பன்: சரி. ரீட் உள்ள முனை மூடிய முனை மாதிரி. கிளாரினெட்டின் துளை பெரும்பகுதி ஒரே அகலம், ஏறக்குறைய 15 மி.மீ. ஒரு முனை மூடிய அப்படிப்பட்ட குழாய் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 மடங்குகளுக்கே இடம் தரும். சாக்ஸின் துளையோ போகப்போக அகலும் கூம்பு, அது 1, 2, 3, 4 எல்லாவற்றுக்கும் தரும். அதனால் சாக்ஸில் மேல் ஸ்தாயிக்குப் போக ஆக்டேவ் கீயை அழுத்தினால் ஸ மேல் ஸ ஆகிறது. கிளாரினெட்டில் அதே வேலைக்கான ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேல் ஸ-வையும் தாண்டிப் ப-வில் போய் நிற்கிறது.

நானே செய்து பார்த்தேன். அரை அங்குல சிபிவிசி பிளாஸ்டிக் குழாயில் டேப் சுற்றி, ஆல்ட்டோ சாக்ஸின் மவுத்பீஸைச் செருகினேன். மொத்தம் 60 செ.மீ. ஊதினால் அசல் கிளாரினெட் கீழ்க்குரல். அடுத்த அறையிலிருந்து என் மனைவி, “புதுசா கிளாரினெட் வாங்கினீங்களா?” என்றாள்.

பேண்டு வாத்தியார்: விரலுக்கும் இதே கதைதான் தம்பிகளா. சாக்ஸில் இரண்டு ஸ்தாயிக்கும் ஏறக்குறைய ஒரே விரல், நாதஸ்வரக்காரருக்குப் பழகிய வழி. அதுவும் கூம்புதானே? சாக்ஸில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்கூட முதலில் நாதஸ்வரம் பயின்றவர். கிளாரினெட்டில் மேலே போனால் விரல் எல்லாம் வேறு. ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரி செய்தார் என்றால் சும்மாவா!

மரக்குழல்: இருங்கள். போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டுப் பார்த்தேன். கிளாரினெட்டின் மேல் ஸ்வரங்களில் 2ஆம் மடங்கும் நன்றாகவே எழுகிறது. உங்கள் 1, 3, 5 எங்கே போயிற்று?

கூம்பன்: அது நியாயமான அடி. அந்தக் கணக்கு கீழ்ஸ்தாயிக்குத்தான் உறுதியாகப் பொருந்தும். சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் திறந்த துளைகளின் வரிசை ஒலியைத் திருப்பி அனுப்பாமல் வெளியே விட்டுவிடும், அங்கே குழாயின் பிடி தளர்ந்துவிடும். ‘மடங்குகளுக்கே’ என்று நான் எழுதியது அதிகம். ஆனால் மரம், பித்தளை என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

மரக்குழல்: அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் தெரு ஹார்டுவேர் கடையில் சிபிவிசி கிடைக்கும். அந்தப் ப-வை எழுப்ப எங்கே துளை போடுவது?

கூம்பன்: ரீட் நுனியிலிருந்து 20 செ.மீ., 2 மி.மீ. டிரில் பிட். பிசிறை உரசி எடுத்துவிட்டு ஊதுங்கள்.