வெளுத்துப்போன கடற்சாமந்தியோடு ஐந்து மாதங்கள்

பூப்போல விரியும் கடல் உயிரான கடற்சாமந்தியை உப்பு நீர்த் தொட்டியில் வளர்த்து, அது வாய் பிளந்து, உடல் சுருங்கி, நிறம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு என் அனுபவம் கொஞ்சம் உதவக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது உணர்கொம்புகளின் நுனி சிறு குமிழ்போல உப்பும் வகை. இரண்டு ஆண்டுகளாக ஒரே பாறையிடுக்கில் பாதத்தை ஊன்றி நன்றாக இருந்த அது, ஒரே வாரத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கி, இடத்தை விட்டு நகர்ந்து, தொட்டியின் நிழலான மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

சுருங்குவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. கழிவை வெளியேற்றவும் உடலுக்குள் இருக்கும் நீரை மாற்றிக்கொள்ளவும் கடற்சாமந்தி அவ்வப்போது சுருங்கும். சில மணி நேரத்தில் மீண்டும் விரிந்துவிடும். வாயைப் பார்த்த பிறகுதான் எனக்கு அச்சம் வந்தது. நலமாக இருக்கும்போது இறுக மூடிய சிறு கோடாகத் தெரியும் வாய் தளர்ந்து திறந்திருந்தது; உள்ளிருந்து மெல்லிய இழைகள் பிதுங்கி நின்றன. பழுப்பு நிறச் சளி நூல் நூலாக வெளிவந்துகொண்டிருந்தது. அதன் திசுக்களுக்குள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கும் ஒற்றைச் செல் பாசிகள்தான் அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம். அவை வெளியேறினால் கடற்சாமந்தி வெளுப்பதோடு, மெல்லப் பட்டினியிலும் விழுகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அம்மோனியா இல்லை, வெப்பநிலை 26 டிகிரியில் நிலையாக இருந்தது, உப்புத்தன்மையும் ஆயிரத்துக்கு 35 என்றே ரிஃப்ராக்டோமீட்டர் காட்டியது. அந்தக் கருவியை நான் வெகு நாட்களாக வெறும் நீரை வைத்தே சரிபார்த்து வந்திருக்கிறேன். ஆயிரத்துக்கு 35 என்று அளவு குறித்த திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோது அது 32 என்று காட்டியது. அப்படியானால் என் தொட்டி நீரின் உண்மையான அளவு 38. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் அளவு நாளுக்கு நாள் ஏறியிருக்கிறது, கருவியோ எல்லாம் சரியென்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதே மாதத்தில் புதிய எல்.இ.டி. விளக்கை முழு ஒளியில் போட்டதும் என் தவறுதான்.

தவறு தெரிந்தவுடன் எல்லாவற்றையும் அன்றைக்கே சரிசெய்துவிட வேண்டும் என்று மனம் பரபரக்கும். ஏற்கெனவே தளர்ந்துபோன உயிருக்கு அந்த வேகம் இன்னொரு அடியாகிவிடும். உப்பு நீரைச் சிறிது வெளியே எடுத்து, அதே அளவு ஆர்.ஓ. நீரைச் சேர்த்து, ஆறு நாட்களில்தான் 38ஐ 35க்குக் கொண்டுவந்தேன். விளக்கை முப்பது சதவீதத்துக்குக் குறைத்து, பிறகு வாரத்துக்கு ஐந்து சதவீதம் வீதம் ஏற்றினேன். நீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டிக் கரியைப் புதிதாக மாற்றினேன். பலம் இழந்த கடற்சாமந்தி அலைந்து திரிந்து மோட்டாருக்குள் இழுபட்டுக் கிழிந்துபோவது அடிக்கடி நடப்பதால், மோட்டார்களின் உறிஞ்சும் வாயைப் பஞ்சு வைத்து மூடினேன். எந்நேரமும் அதன்மேல் உரசிக்கொண்டிருந்த கோமாளி மீன்களைத் துளையிட்ட பிளாஸ்டிக் கூடையால் பிரித்து வைத்தேன். செம்பு கலந்த மீன் மருந்துகளை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் செம்பு இதற்கு நஞ்சு.

மிகக் கடினமாக இருந்தது, கையை உள்ளே விடாமல் இருப்பதுதான். பாறையோடு ஒட்டியிருக்கும் பாதத்தைப் பிய்த்து வேறிடத்தில் வைத்தால் அது கிழியும். பாதத்தில் விழும் கிழிசல் பெரும்பாலும் உயிருக்கே உலை வைத்துவிடுகிறது. உயிர் இருக்கிறதா என்ற ஐயம் வந்த நாட்களில் உணர்கொம்பு ஒன்றை விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தேன். லேசாக ஒட்டிக்கொண்டது. அதன் கொட்டும் செல்கள் இன்னும் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சான்று. செத்துவிட்டதென்றால் உடல் கரைந்து, தாங்க முடியாத நாற்றம் அடிக்கும். அந்த நிலையில் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

நம்பிக்கை குறையும்போதெல்லாம் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். 1828இல் ஜான் டாலியல் என்ற இயற்கை ஆய்வாளர் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எடுத்துவந்த கடற்சாமந்தி ஒன்று, ‘பாட்டி’ என்ற செல்லப் பெயருடன் 1887 வரை கண்ணாடிச் சாடியிலேயே வாழ்ந்தது. அது வேறு இனம்தான்; ஆனாலும் இவ்வளவு நீண்ட ஆயுள் வாய்க்கக்கூடிய உயிர்க்குலத்தைச் சேர்ந்த ஒன்றை இரண்டு வாரத்தில் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரத்தில் வாய் மூடியது. அதன் பிறகே உணவு கொடுத்தேன்: பாதி உளுந்து அளவுக்கு நறுக்கிய இறால், வாரத்துக்கு இரண்டு முறை. பெரிய துண்டாகக் கொடுத்தால் விழுங்கிய பிறகு கக்கிவிடும், கக்குவதில் இருக்கும் பலமும் போய்விடும். முதல் துண்டை அது பிடிக்காமல் கீழே விட்டது. நீர் கெடாமலிருக்க உடனே எடுத்துவிட்டேன். இரண்டாவது துண்டைச் சுற்றி நான்கைந்து உணர்கொம்புகள் மிக மெதுவாக மடிந்ததையும், கால் மணி நேரம் கழித்து அது வாய்க்குள் மறைந்ததையும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐந்து மாதங்கள் ஆகின்றன. கண்ணாடிபோல் வெளுத்திருந்த உணர்கொம்புகளில் பழுப்பு படர்ந்துவிட்டது, நுனிகளில் மட்டும் இன்னும் வெளிறல் இருக்கிறது. சென்ற வாரம் அது தானாகவே நகர்ந்து பழைய பாறையிடுக்குக்குத் திரும்பியிருக்கிறது. கோமாளி மீன்களைப் பிரித்த கூடையை இன்னும் ஒரு மாதம் எடுக்கப்போவதில்லை.