புதுப்பிப்பு: அத்தையின் மெலனோமா – பிராஃப் பரிசோதனையும் மாத்திரையும்

கோத்தகிரியில் இருக்கும் அத்தைக்குக் கெண்டைக்கால் மச்சம் மெலனோமா என்ற தோல் புற்றுநோயாகி, தொடையிடுக்கு நிணநீர்க் கணு வரை பரவியிருந்தது. அறுவைக்குப் பின் மாத்திரையா, ஊசியா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உதவியது "முதலில் பிராஃப் பரிசோதனை கேளுங்கள்" என்ற யோசனைதான். அறுவையில் எடுத்து வைத்த திசுவே போதுமானதாக இருந்தது. முடிவு: பிராஃப் மரபணுவில் வி600இ என்ற பிறழ்வு (மாற்றம்) உண்டு. பிராஃப் என்பது செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு நொதி. இந்தப் பிறழ்வில் அது ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அத்தைக்குக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் டாப்ராஃபெனிப் அதைத் தடுக்கிறது, டிராமெடினிப் அடுத்த நொதியான மெக்கைத் தடுக்கிறது. பிறழ்வு இல்லாதவருக்கு டாப்ராஃபெனிப் தருவதில்லை, அதனால்தான் பரிசோதனை முதலில். 870 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு இந்த ஜோடியை எடுத்தவர்களில் 5 ஆண்டு முடிவில் 52% பேருக்கு நோய் திரும்பவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 36%.

எதிர்பாராதது காய்ச்சல். நடுக்கத்தோடு வந்ததால் மலைக்குளிர் என்றே வீட்டில் நினைத்தார்கள். கோவை மருத்துவரை அழைத்ததும் இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். காய்ச்சல் விட்டு ஒரு நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தோம். இது இந்த மருந்துகளின் வழக்கமான பக்கவிளைவாம். தயவுசெய்து நீங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

சமீபத்திய ஸ்கேனில் புதுக் கட்டி எதுவும் இல்லை! இதய எக்கோவும் கண் பரிசோதனையும் தொடர்கின்றன. அப்புறம், அத்தைக்குக் கொடுத்த டிராமெடினிப்பை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கோவையிலிருந்து ஐஸ் பையில் வைத்துத்தான் கொண்டுவருகிறோம்.