கோல்ஃப் டிரைவரில் லாஃப்டைக் குறைத்ததும் பந்து வலப்பக்கம் வளைகிறது, என்ன செய்வது?

உயரப்பந்து:

வணக்கம். நான் வலது கை ஆட்டக்காரன். என்னிடம் இருப்பது 10.5 டிகிரி டிரைவர் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப், அதாவது மட்டை), கழுத்தில் உள்ள ஸ்லீவைத் திருப்பி லாஃப்டை, அதாவது ஃபேஸின் (பந்தில் படும் முகத்தின்) சாய்வை, மாற்றிக்கொள்ளும் வகை. பந்து ரொம்ப உயரமாகப் போய், விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. உருண்டு ஓடுவதே இல்லை. லாஃப்டைக் குறைத்தால் தாழ்வாகப் பறந்து கூடுதல் தூரம் போகும் என்று 9 டிகிரிக்குத் திருப்பினேன். உயரம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் முன்பு லேசான ஃபேடாக (வலப்பக்கம் சிறு வளைவு) இருந்தது இப்போது முழு ஸ்லைஸ் (பெரிய வளைவு) ஆகிவிட்டது. கிளப்பின் தலையைத் தரையில் வைத்துப் பார்த்தால் ஃபேஸ் வலப்பக்கம் பார்க்கிறது. ஸ்லீவ் சரியாக உட்காரவில்லையா? இல்லை, 9 டிகிரி தலையே தனியாக வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:

ஸ்லீவில் கோளாறு இருக்காது தம்பி. ஃபேஸ் நிஜமாகவே திறந்துதான் இருக்கிறது.

ஸ்லீவுக்குள் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) துளி சாய்வாக ஒட்டப்பட்டிருக்கும். ஸ்லீவைத் திருப்பும்போது மாறுவது ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் கோணம் மட்டும்தான். ஃபேஸுக்கும் தலையின் அடிப்பாகத்துக்கும் இடையே தொழிற்சாலையில் அமைத்த கோணம் அப்படியே இருக்கிறது. ஆகவே 9-இல் வைத்துவிட்டு தலையைத் தரையில் தன் போக்கில் படியவிட்டால், லாஃப்ட் கிட்டத்தட்ட பழைய 10.5 தான், ஃபேஸ் மட்டும் வலப்பக்கம் திறந்துகொள்ளும். கிரிப்பைத் திருப்பி ஃபேஸை இலக்குக்கு நேராக்கிப் பிடித்தால்தான் 9 டிகிரி கிடைக்கும். லாஃப்ட் ஒரு டிகிரி குறைந்தால் ஃபேஸ் ஏறத்தாழ இரண்டு டிகிரி திறக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு மூன்று டிகிரி. உயரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றால், பந்தின் முன் நிற்கும்போது பாதி அளவாவது திருப்பிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

லாஃப்டைக் கூட்டினால் இதற்கு நேர்மாறு, ஃபேஸ் மூடும். ஸ்லைஸ் போடுகிறவர்களை பிளஸ் பக்கம் போகச் சொல்வது இதனால்தான். இன்னொன்றும் இருக்கிறது. ஸ்விங் பாதைக்கும் ஃபேஸுக்கும் இடையே அதே அளவு விலகல் இருந்தாலும், லாஃப்ட் குறையக் குறையப் பந்து அதிகமாக வளையும். நீங்கள் போன திசை இரண்டு வகையிலும் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

முதலில் ஸ்டாண்டர்டுக்கே, அதாவது 10.5-க்கே, திருப்பிவிடுங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது அது சும்மா சுழலும் வரை தளர்த்துங்கள், அதன்பிறகு தலையை உருவுங்கள். பாதி தளர்ந்த நிலையில் இழுக்க வேண்டாம். ஹோசலுக்குள் (ஸ்லீவ் நுழையும் கழுத்துத் துளை) மண், புல் இருந்தால் துடைத்துவிடுங்கள். திரும்பப் பொருத்தியதும் ஸ்லீவுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. கிளப்போடு வந்த டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் 40 இன்ச்-பவுண்டில் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். அத்தோடு நிறுத்திவிடுங்கள். சாதாரண ஆலன் சாவியால் முறுக்கவே வேண்டாம்.

புதுத் தலை இப்போதைக்குத் தேவையில்லை.

டீக்குச்சி:

ஸ்பேனர் அண்ணா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் லாஃப்டைத் தொடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பந்து ஃபேஸில் எங்கே படுகிறது?

உயரமாகப் போய் ஓடாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பின்சுழற்சிதான். ஃபேஸின் கீழ்ப்பகுதியில் பட்டால் சுழற்சி கூடும், நடுவுக்குச் சற்று மேலே பட்டால் குறையும். ஹீல் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய பக்கம்) பட்டால் வலப்பக்கம் வளையும் சுழற்சியும் சேர்ந்துவிடும். கால் பவுடர் ஸ்ப்ரேயை ஃபேஸில் லேசாக அடித்துவிட்டுப் பந்தை அடியுங்கள், தடம் தெளிவாக விழும். இந்தத் தடத்தைப் பார்க்காமல் ஸ்லீவைத் திருப்புவது, கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி மாற்றுவது போலத்தான்.

டீ (பந்தை நிறுத்தும் குச்சி) உயரமும் முக்கியம். தலையைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பந்தாவது தலைக்கு மேலே தெரிய வேண்டும். பந்தை இடது குதிகாலுக்கு உள்பக்க நேரில் வையுங்கள். டிரைவரை மேலே ஏறும்போது அடித்தால் லாஞ்ச் (பந்து கிளம்பும் கோணம்) உயரும், சுழற்சி ஏறாது. கீழே வெட்டி அடித்தால் லாஃப்டை எவ்வளவு குறைத்தாலும் பின்சுழற்சி விடாது.

உயரப்பந்து:

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்டாண்டர்டுக்குத் திருப்பிவிட்டு ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். தடம் பெரும்பாலும் ஹீல் பக்கம், அதுவும் கீழே. டீயை உயர்த்தியதும் தடம் மேலே ஏறியது, பந்து விழுந்த பிறகு ஓடவும் செய்கிறது! ஸ்லைஸ் மறுபடி ஃபேடாகிவிட்டது. ஹீல் தடம் மட்டும் இன்னும் போகவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்லீவைத் திருப்பியபோது கிரிப்பில் இருந்த லோகோவும் சேர்ந்து திரும்பிவிட்டது, எல்லா டிரைவரிலும் இப்படித்தானா? அப்புறம், போட்டியின் நடுவே எதிர்க்காற்று அடித்தால் லாஃப்டை மாற்றிக்கொள்ளலாமா?

ஸ்கோர்கார்டு:

இரண்டாவது கேள்விக்கு உறுதியாகச் சொல்கிறேன்: கூடாது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகளின் விதி 4.1-இன்படி, ரவுண்டு தொடங்கிய பிறகு இப்படி வேண்டுமென்றே மாற்றிய கிளப்பால் ஓர் அடி அடித்தாலே தகுதிநீக்கம். மாற்றிவிட்டு, அடிக்கும் முன்பே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் தண்டனை இல்லை. ஆட்டத்தில் தானாகத் தளர்ந்துபோனால் அதே அமைப்பில் மறுபடி முறுக்கிக்கொள்ளலாம், அதற்காக ரெஞ்சைப் பையில் வைத்திருப்பதும் தப்பில்லை.

ஸ்பேனர்:

லோகோ விஷயம் தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுத்தது. டெய்லர்மேடில் ஷாஃப்டோடு சேர்ந்து ஸ்லீவ் முழுதும் திரும்பும், ஆகவே கிரிப்பும் திரும்பும். காலவேயின் ஆப்டிஃபிட் ஸ்லீவில் திருப்பும் பாகங்கள் தனித்தனி என்பதால் ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்களுடையதில் கிரிப் திரும்புகிறது என்றால், அடிப்பக்கம் மேடு வைத்த கிரிப்பைப் போடாதீர்கள். ஒவ்வொரு அமைப்பிலும் அந்த மேடு கையில் வேறு இடத்தில் உறுத்தும். முழு வட்டமான கிரிப்தான் ஒத்துவரும்.

டீக்குச்சி:

ஹீல் தடத்துக்கு ஒரு வழி: பந்தின் முன் நிற்கும்போது அது ஃபேஸின் டோ பக்கத்துக்கு (ஹீலுக்கு எதிர்முனை) நேராக இருக்கும்படி நின்று அடித்துப் பாருங்கள். அதுவரை ஸ்லீவைத் தொட வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

உயரப்பந்து:

செய்கிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று: ஸ்டாண்டர்டுக்குத் திருப்பியதிலிருந்து அடிக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆபத்தா?

ஸ்பேனர்:

சத்தம் கழுத்துப் பக்கம் வந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்தி, கழற்றித் துடைத்து, ரெஞ்ச் ‘டக்’ சொல்லும் வரை மறுபடி முறுக்குங்கள். தளர்ந்த ஸ்லீவோடு அடித்தால் தலையே கழன்று பறக்கும். தலையைக் குலுக்கும்போது உள்ளே எதுவோ உருளும் சத்தம் என்றால் அது பெரும்பாலும் உதிர்ந்த பசைத் துண்டு. ஆட்டத்துக்கு ஆபத்தில்லை, கிளப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் எடுத்துவிடுவார்.