பல்லாங்குழியும் வகுத்தல் மீதியும்: குன்னூர் தெருக் குழுவில் ஒரு மாலை

கதிர் அப்பா: டீச்சர், ஒரு சந்தேகம். கதிர் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். வீட்டுப்பாடம் என்னடா என்றால் "முட்டை அட்டையும் எழுபது கொட்டையும்" என்கிறான். கணக்கு நோட்டில் இந்த வாரம் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

யாழினி அம்மா: எங்கள் வீட்டிலும் அதே கதைதான் அண்ணா. ரசத்துக்குப் புளி கரைத்தால் கொட்டையை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறாள் 😄

கமலா பாட்டி: இந்தக் குளிரில் புளியமரம் ஏது? மேட்டுப்பாளையம் போகிறவர்களிடம் சொன்னால் ஒரு பை கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் கற்பூர மரத்துக் காய், அதுதான் யூகலிப்டஸ் காய், போதும். ரோட்டோரம் கொட்டிக் கிடக்கிறது.

டீச்சர்: வணக்கம் சார். நோட்டு அடுத்த வாரம் நிரம்பும். இப்போது நடப்பது வகுத்தல் பாடம்தான்.

கதிர் அப்பா: பல்லாங்குழியில் வகுத்தலா? எண்ணும் எழுத்தும் என்று சின்னக் குழந்தைகளுக்கு ஆட்டம் பாட்டம் வைத்தார்களே, அதுவா?

டீச்சர்: அது 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கியது, அப்புறம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. ஆனால் இது நானாகச் செய்வது. 14 குழி, குழிக்கு 5 காய். முதல் ஆட்டத்தில் எத்தனை காய் கிடைக்கும் என்று ஆடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அதுதான் கேள்வி.

கமலா பாட்டி: அது எந்தக் குழியில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது இல்லையா டீச்சரம்மா?

டீச்சர்: பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள் பாட்டி. ஆளுக்கொரு குழியில் தொடங்கிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் 7. எல்லாக் குழியிலும் ஒரே அளவு காய் இருக்கும்போது எங்கே தொடங்கினால் என்ன!

பேக்கரி அண்ணன்: அடடே. அந்த 7 எப்படி வருகிறது?

டீச்சர்: குழிகளுக்கு 0 முதல் 13 வரை எண் போடுங்கள். குழிக்கு ஒன்றாக 5 காயைப் போட்டு முடித்தால் அதற்கு அடுத்த குழியை அள்ளுவோம், அதாவது தொடங்கியதிலிருந்து 6 தள்ளி. ஆக 0, 6, 12, 18. இருப்பதோ 14 குழி, எனவே 18 என்றால் 4-ஆம் குழி. அங்கே முதல் கையில் ஒன்று கூடி 6 காய் ஆகியிருக்கும். இனி 7 தள்ளி, 25. அதாவது 11-ஆம் குழி, அதிலும் 6. இன்னொரு 7 தள்ளினால் 32. 14-ஆல் வகுத்தால் மீதி 4. அந்த 4-ஆம் குழியை இப்போதுதானே வழித்தோம், காலி! அதற்கு அடுத்த குழியில் இருக்கும் 7 காய் நமக்கு.

கமலா பாட்டி: நாலு சேர்ந்தால் பசு என்று எடுப்போமே?

டீச்சர்: முதல் ஆட்டத்தில் எந்தக் குழியும் நாலில் நிற்காது பாட்டி. பசு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கமலா பாட்டி: எங்கள் ஊரில் எதிர்க் குழிக் காயும் சேர்த்து வாரிக்கொள்வோம். அதை விட மாட்டேன்.

கதிர் அப்பா: ஒரு நிமிடம். இவன் காலையில் ஆடியபோது இரண்டு தடவை அள்ளியதும் முடிந்துவிட்டது. கிடைத்தது 6. தப்பாக ஆடினானா?

பேக்கரி அண்ணன்: என்னிடம் வாங்கிய அட்டைதானே? அதில் வரிசைக்கு 6 குழிதான் 😀

டீச்சர்: அப்படியென்றால் சரியாகத்தான் ஆடியிருக்கிறான். 12 குழி. 6, அப்புறம் 12. மீதி 0, தொடங்கிய குழிக்கே வந்துவிட்டான். சார், நாளை வகுப்பில் அவனையே இதைச் சொல்லச் சொல்கிறேன். நான் யோசிக்காத கேள்வி இது. 14 குழி வேண்டுமென்றால் ஓரத்துக்கு ஒரு பேப்பர் கப் ஒட்டுங்கள்.

யாழினி அம்மா: அடுத்து என்ன டீச்சர்? முன்கூட்டியே சொன்னால் வீட்டில் எதை ஒளித்து வைப்பது என்று தெரியும்.

டீச்சர்: தேயிலைதான். நாலு கிலோ பச்சை இலைக்குச் சுமாராக ஒரு கிலோ தூள். விகிதம். தராசு மட்டும் யாராவது தர வேண்டும். குறை எண்களுக்கு உறைபனிக் காலம் வரட்டும், வெப்பமானியோடு போகலாம்.

பேக்கரி அண்ணன்: தராசு என் பொறுப்பு.

கதிர் அப்பா: டீச்சர், குழிக்கு 6 காய் வைத்தால்? 7 தள்ளி, இன்னொரு 7, 14. மீதி 0. இரண்டே அள்ளலில் முடிந்து, அடுத்த குழியில் 7. சரியா?

டீச்சர்: சரி சார். ஆனால் கதிரிடம் சொல்லிவிடாதீர்கள், அது வெள்ளிக்கிழமைக் கேள்வி.

கதிர் அப்பா: பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறான் டீச்சர் 🙈

டீச்சர்: அப்போது வெள்ளிக்கிழமை 7 காய்.

கமலா பாட்டி: எட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொழுது போகும்.