வேவ்மேக்கரில் சிக்கிய அனிமோன்: அந்த இரவும் அதற்கடுத்த வாரங்களும்

இரவு பதினொன்றரை மணி இருக்கும். என் கடல்நீர் மீன் தொட்டியில் விளக்கு அணைந்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. தண்ணீரை அலை போல ஓடவைக்கும் பம்பான வேவ்மேக்கரின் வழக்கமான சத்தம் மாறி, ஏதோ முனகுவது போலக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று வருடமாக ஒரே பாறை இடுக்கைவிட்டு நகராத என் பப்பிள் டிப் அனிமோன் (பாறையில் ஒட்டி வாழும், பூப்போன்ற கடல் உயிர்), பம்பின் கூண்டுக்குள் பாதி இழுபட்டுக் கிடந்தது. தண்ணீர் கழுநீர் போலக் கலங்கியிருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் எதிர் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

அது ஏன் நகர்ந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. நான்கு நாள் முன்புதான் புது எல்.இ.டி. விளக்கு மாட்டியிருந்தேன், அதுவும் முழு வெளிச்சத்தில். அனிமோனுக்கு வெளிச்சமோ நீரோட்டமோ ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளம்பி நடக்க ஆரம்பித்துவிடும். என் அனிமோன் இருட்டில் நடந்து நேராகப் பம்புக்கே போய்விட்டது. தவறு என்னுடையதுதான்.

கை முதலில் பரபரத்தது அதைப் பிடித்து இழுக்கத்தான். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் பம்பின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். டைமரில் ஓடும் பம்ப் என்றால் இன்னும் கவனம் வேண்டும், நம் கை உள்ளே இருக்கும்போதே தானாகச் சுழலத் தொடங்கிவிடும். ப்ளக்கைப் பிடுங்கியபின் ஒரு வாளியைத் தொட்டிக்குள்ளேயே முக்கி, பம்பையும் அனிமோனையும் சேர்த்து அதற்குள் தள்ளி, தண்ணீரோடு தூக்கினேன். அப்படியே வெளியே எடுத்திருந்தால் அதன் உடல் எடையே மிச்சத்தையும் கிழித்திருக்கும்.

வாளித் தண்ணீருக்குள் வைத்தே கூண்டைக் கழற்றினேன். விசிறியை அது சுழலும் திசைக்கு எதிராக விரலால் மெல்ல மெல்லத் திருப்பினேன். சதை கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டது. சிக்கியிருந்த இரண்டு நூல் போன்ற துண்டுகளை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டியிருந்தது. முழுதாக விடுவிக்க 25 நிமிடம் ஆனது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதன் கொட்டும் செல்கள் உள்ளங்கைத் தோலில் பெரிதாகத் தெரியாது, ஆனால் அதே கையால் கண்ணைத் தேய்த்தால் பாடு பெரும்பாடுதான்.

விரல் போன்ற கைகளில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. வாயைச் சுற்றியுள்ள தட்டையான மேற்பகுதியை, அதாவது தட்டை எடுத்துக்கொண்டால், அதன் ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட வாய் வரை ஒரு கிழிசல். ஆனால் பாறையைப் பிடித்துக்கொள்ளும் பாதம் முழுசாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பப்பிள் டிப் இனம் தானாகவே நடுவில் இரண்டாகப் பிரிந்து பெருகும் உயிர். மேலே விழுந்த வெட்டை ஆற்றிக்கொள்ளும் திறமை அதற்கு இயல்பிலேயே உண்டு. பாதம் கிழிந்தால்தான் பிழைப்பது கடினம்.

அப்புறம் தண்ணீரைப் பார்த்தேன். இதை மறந்தால் அனிமோனோடு மற்ற உயிர்களும் போய்விடும். மிதந்த துண்டுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். ஏற்கெனவே கலக்கி வைத்திருந்த உப்பு நீரால் 25 சதவீதம் மாற்றினேன். உப்பு நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, இரண்டும் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். புது ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்று போட்டேன், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரை நன்றாக ஓடவிட்டேன். அன்றிரவு சோதித்தபோது, அழுகும் சதையிலிருந்து வரும் நஞ்சான அமோனியா 0.25 காட்டியது. மறுநாள் காலையில் இன்னொரு முறை மாற்றியதும் பூஜ்யத்துக்கு வந்தது.

அனிமோனை ஓட்டைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், சொரசொரப்பான சின்னப் பாறைத் துண்டோடு வைத்து, அதே தொட்டிக்குள் தொங்கவிட்டேன். நீரோட்டம் மெதுவாகத்தான் வர வேண்டும். கோமாளி மீன்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து முட்டின. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. பாசத்தில் வந்து உரசினாலும் புண்ணுக்கு உரசல் உரசல்தான்.

முதல் மூன்று நாள் எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் நூலாக ஏதோ வந்தது. கழிவும், உள்ளே வாழும் பாசியில் ஒரு பகுதியும்தான் அது. தினமும் நான் பார்த்தது மூன்றே விஷயம்: வாய் இறுக்கமாக இருக்கிறதா, பாதம் எதையாவது பிடித்திருக்கிறதா, கெட்ட வாடை வருகிறதா. ஐந்தாம் நாள் பாதம் பாறையைப் பிடித்தது. நான் சமையலறைக்கு ஓடிப்போய் எல்லோரையும் கூட்டி வந்து காட்டினேன்.

தீனி போடத்தான் மனம் அடித்துக்கொண்டது. போடவில்லை. அதன் உணவில் பெரும்பங்கை உள்ளே வாழும் பாசியே வெளிச்சத்திலிருந்து தயாரித்துக் கொடுக்கிறது. புண்ணோடு இருக்கும்போது செரிமான வேலையையும் சுமத்தக்கூடாது. விளக்கைப் பாதியாகக் குறைத்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பன்னிரண்டாம் நாள், நகத்தளவு இறால் துணுக்கு ஒன்றை வைத்தேன். பிடித்துக்கொண்டது.

1828-ல் சர் ஜான் டேலியல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எடுத்து வளர்த்த ஒரு கடல் அனிமோன், அவர் காலத்துக்குப் பின்னும் கைமாறிக் கைமாறி 1887 வரை எடின்பரோவில் உயிரோடு இருந்தது. கிரானி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். இவ்வளவு காலம் வாழக்கூடிய ஒன்றை, ஒரு விளக்கை அவசரப்பட்டு மாட்டி நான் கொன்றிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

*

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் தொட்டி நினைவுக்கு வந்துவிட்டது. எனக்கு முடிவு வேறு. பம்பில் அடிபட்ட அனிமோனைப் பாறை மேலேயே விட்டுவிட்டு, தேறிவிடும் என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் வாய் அகலமாகத் திறந்து உள்ளே இருப்பது வெளியே பிதுங்கியது. தொட்டால் சதை கையோடு வந்தது. அழுகல் வாடை எடுத்தது. அப்போதே எடுத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு இரவு பார்க்கலாம் என்று விட்டேன். காலையில் அமோனியா ஏறி ஒரு மீனும் இரண்டு இறால்களும் செத்துக் கிடந்தன.

அதனால் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படாதீர்கள். வெறுமனே சுருங்கியிருந்தால் பொறுத்திருங்கள், சாதாரண நாளிலும் அனிமோன் கழிவை வெளியேற்றச் சுருங்கும், பிறகு விரியும். சதை கரைந்து வாடை வந்தால் அன்றே வெளியே எடுங்கள். உங்களைப் போலத் தனிப் பெட்டியில் வைத்திருந்தால் எடுப்பதும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போது பம்புக்கு என்ன தடுப்பு போட்டிருக்கிறீர்கள்?

*

நானும் ஒன்று சேர்க்கிறேன். என்னுடையது பம்பில் சிக்கவில்லை, நான்தான் கிழித்தேன். இடம் மாற்றுவதற்காகப் பாறையிலிருந்து பிய்க்கப் போய், பாதத்தில் அரை அங்குலக் கிழிசல். ஒட்டியிருக்கும் அனிமோனை எடுப்பதற்குப் பாறையோடு தூக்குவதுதான் நல்லது. முடியாவிட்டால் விரல் நுனியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிவிட்டு, அது தானாகப் பிடியை விடும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை அன்று எனக்கு இல்லை. கிழிசல் ஆறி, அது பாறையைப் பிடிக்க ஐந்து வாரம் ஆனது. நடுவில் நிறம் வெளுத்துக்கூடப் போனது. பிழைத்துக்கொண்டது.

*

தடுப்பு பற்றிக் கேட்டீர்கள். பெரிய துளைகள் உள்ள ஸ்பாஞ்ச் உறையைக் கூண்டின் மேல் முழுதாக மாட்டியிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை கழற்றி அலசுகிறேன், இல்லையென்றால் அடைத்துக்கொண்டு நீரோட்டம் குறைந்துவிடும். உங்கள் மீனையும் இறாலையும் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. எடுப்பதா விடுவதா என்று முதல் இரண்டு இரவு நானும் தூங்காமல்தான் கிடந்தேன்.

ஆறாவது வாரம் பெட்டியைத் திறந்து, பாறைத் துண்டோடு பழைய இடுக்கின் அருகே வைத்தேன். கிழிந்த இடத்தில் தட்டு லேசாக மடிந்திருக்கிறது, அங்கே குட்டைக் கைகள் முளைத்து வருகின்றன. பெண் கோமாளி மீன் அரை மணி நேரம் தள்ளி நின்று பார்த்தது, பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.